தெரிஞ்ச எழுத்துதான் காலை வாரும்: பழைய சீன மருத்துவ நூல் படிச்சவங்க வாங்க

நாலு வருஷம் சீன மொழி படிச்சு நியூஸ்பேப்பர் எல்லாம் சரளமா படிக்கிற தைரியத்துல 'ஹுவாங்தி நெய்ஜிங்'ங்கிற பழைய மருத்துவ நூல்ல கைய வெச்சேன். மஞ்சள் பேரரசர் கேள்வி கேக்க, அவரோட வைத்தியர் ச்சிபோ பதில் சொல்லிட்டே போவார். அதுல 'சூவென்' பாகம் 40வது அத்தியாயத்துல வயிறு உப்புற நோய்க்கு ஒரு மருந்து, கோழி எச்சம் போட்ட மது (ஆமா, எச்சமேதான்), அதைக் குடிச்சா 'ஒரு வேளையில ஜி, ரெண்டு வேளையில யீ'ன்னு முடிச்சிடறாங்க. இன்னைக்கு ஜின்னா 'தெரியும்', யீன்னா 'ஏற்கனவே'. ஒரு வேளை குடிச்சா தெரியும், ரெண்டு வேளை குடிச்சா ஏற்கனவேவா?? மூணு நாள் மண்டை காஞ்சு வாத்தியார்கிட்ட போனா சிரிக்கிறார். மருத்துவ எழுத்துல ஜின்னா நோய் குறையுது, யீன்னா நின்னு போச்சு, அவ்ளோதானாம். தெரியாத எழுத்தா இருந்தா அன்னைக்கே டிக்‌ஷனரிய புரட்டியிருப்பேன்ல.

---

அண்ணே எனக்கு 'ஷாங்ஹான்'. இப்ப சீனாவுல ஷாங்ஹான்னா டைஃபாய்டு, அதனால சாங் ஜோங்ஜிங்ங்கிற வைத்தியர் கிட்டத்தட்ட 1,800 வருஷம் முன்னாடி எழுதின 'ஷாங்ஹான் லுன்' டைஃபாய்டு புக்குன்னே நெனச்சு படிச்சிட்டிருந்தேன், நாடி மேலாப்புல ஓடுது, கழுத்து பிடிச்சுக்குதுன்னு போகுதே தவிர டைஃபாய்ட காணோம். நேர் அர்த்தம் 'குளிர் தாக்கினது', வெளிய இருந்து குளிர் ஏறி வர்ற காய்ச்சல் வகையெல்லாம் அதுல அடக்கம். இன்னொரு கூத்து, அதே வரியில 'வு'ன்னு படிக்க வேண்டிய எழுத்தை 'கெட்ட'ங்கிற அர்த்தத்துல படிச்சு 'கெட்ட குளிர்'னு நோட்ல எழுதி வெச்சிருக்கேன் 😅 குளிர் ஒத்துக்காம உடம்பு வெடவெடங்குதுன்னு அர்த்தம்.

---

என்னைய கவுத்தது அளவு. 4ஆம் நூற்றாண்டுல கோ ஹோங்ங்கிற வைத்தியர் மலேரியா மாதிரி முறைக்காய்ச்சலுக்கு சொன்னது: ஒரு பிடி ச்சிங்ஹாவ்ங்கிற மூலிகை, ரெண்டு ஷெங் தண்ணியில ஊற வெச்சு பிழிஞ்சு சாறு முழுக்க குடி. இன்னைக்கு ஷெங்னா லிட்டர், அப்ப சுமார் 200 மில்லிதான். நான் ரெண்டு லிட்டர்னு மொழிபெயர்த்து குடுத்துட்டேன், நல்லவேளை யாரும் குடிக்கல. ஆனா இந்த வரியில காய்ச்சுங்கிற பேச்சே இல்ல பாருங்க, மத்த கஷாயம் எல்லாம் கொதிக்க வைக்கிறதுதானே. சீன விஞ்ஞானி து யூயூ அதுலதான் பிடிச்சாங்க, சூடு மருந்தைக் கெடுக்குதோன்னு 1971ல ஈதர் போட்டு குறைஞ்ச சூட்டுல எடுத்தாங்க, ஆர்ட்டிமிசினின்ங்கிற மலேரியா மருந்து வந்துச்சு, 2015ல நோபல்.

---

அதெல்லாம் சரி, அந்த கோழி எச்சத்த வாத்தியார் குடிச்சிருக்காரான்னு கேட்டீங்களா?