பழைய ஷீட்டில் சிகரம் சரி, ஓடை மட்டும் தப்பு. ஏன்?

மலைநடை:
ரொம்பப் பழைய ஓரங்குல நிலப்பட ஷீட் ஒன்றின் ஸ்கேன் கிடைத்தது (மைலுக்கு ஒரு அங்குலம், அதாவது 1:63,360). முழுக்க அடர்ந்த மலைக்காடு. நான் நடந்த ஜிபிஎஸ் தடத்தை அதன்மேல் போட்டுப் பார்த்தால், நான் தாண்டிய ஓடை படத்தில் 400 மீட்டர் தள்ளி ஓடுகிறது. ஓடை இடம் மாறியிருக்குமா, இல்லை வரைந்தவர்கள் ஒப்பேற்றிவிட்டார்களா?

நீள்கோளம்:
முதலில் டேட்டத்தைப் பாருங்கள், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகையை எந்தப் பூமி மாதிரியை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பதை. இந்தியாவின் பழைய ஷீட்டுகள் எவரெஸ்ட் 1830 என்ற நீள்கோள மாதிரியில் போட்டவை, ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு மாதிரியில். ஓரத்தில் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே கொடுத்தால் நூறு மீட்டர், அதற்கு மேலும்கூட நகரும்.

மலைநடை:
மாற்றித்தான் போட்டேன். இரண்டு சிகரங்களும் கச்சிதமாக உட்காருகின்றன. ஓடைதான் உதைக்கிறது.

தியோடலைட்:
அப்படியானால் டேட்டம் இல்லை, டேட்டம் என்றால் எல்லாமே ஒரே பக்கம் நகர்ந்திருக்கும். சிகரங்கள் முக்கோண அளவீட்டுப் புள்ளிகளாக இருக்கும், பார்வைக்கு இடைஞ்சலான மரங்களை வெட்டிவிட்டுப் பல திசைகளிலிருந்து கோணம் எடுப்பார்கள். பள்ளத்தாக்குக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. பிளேன் டேபிளை, அதாவது களத்திலேயே படம் வரையும் முக்காலிப் பலகையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினால் நாலு பக்கமும் இலைதான், ஆனால் நிற்கும் இடத்தைத் தாளில் குறிக்கத் தெரிந்த புள்ளிகள் மூன்றாவது கண்ணில் படவேண்டும். அதனால் முகட்டில் நின்று தெரிந்ததைக் கண்மதிப்பில் வரைந்துவிட்டு அடுத்த முகட்டுக்குப் போயிருப்பார்கள், அதை ஒப்பேற்றினார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயரமும் இதே கதைதான். சில இடங்களில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தெர்மாமீட்டரைப் பார்த்து உயரம் கணித்தார்கள். சுமார் 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி செல்சியஸ் குறையும், பத்தில் ஒரு டிகிரி தப்பாகப் படித்தாலே 30 மீட்டர் போச்சு. உங்கள் ஷீட்டில் அந்த இடத்தில் சம உயரக் கோடுகள் முழுசாக இருக்கின்றனவா, விட்டுவிட்டு இருக்கின்றனவா? விட்டுவிட்டு இருந்தால் அளக்காமல் உருவத்துக்காகப் போட்ட கோடு.

நீள்கோளம்:
சரிபார்க்கிறேன் என்று எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை நம்பிவிடாதீர்கள். 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து எடுத்த ரேடார் அளவீடு அது, அடர்ந்த காட்டில் பெரும்பாலும் மர உச்சிப் பக்கம்தான் பட்டுத் திரும்பும். குறுகிய ஓடைப்பள்ளம் அதில் மூடிப்போகும். லைடார் (லேசரால் அளந்த உயரத் தரவு) இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் உங்கள் தடம்தான் சாட்சி.

மலைநடை:
இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தப் பள்ளம் முழுக்க விட்டுவிட்டுப் போட்ட கோடுதான். ஸ்கேன் தேய்ந்திருக்கிறது என்று நினைத்து, போன வாரம் அதையெல்லாம் உட்கார்ந்து சேர்த்து வரைந்து வைத்திருந்தேன்!