கறள் பிடித்து வெடிக்கும் சீமெந்துச் சிலை, எப்படித் திருத்துவது?

வணக்கம். வவுனியா நகருக்குள்ளே, ஏ9 வீதியின் ஹோர்ன் சத்தத்துக்குப் பின்னால் ஒரு வளவில் இப்படி அமைதியான சிற்பத் தோட்டம் இருக்கிறதென்று இந்த வருடம்தான் எங்களுக்குத் தெரிந்தது. கூத்தாடி, மண்வெட்டியோடு நிற்கும் கமக்காரன், மான், எல்லாம் சீமெந்து, உள்ளே இரும்புக் கம்பி. செய்த வாத்தியார் இப்போது இல்லை, குடும்பத்தார் எங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

பிரச்சினை கூத்தாடிதான். ஆளுயரம், திறந்த வெளியில் நிற்கிறது. போன மாரி முடிந்ததும் முழங்கையில் நீளவாக்கில் வெடிப்பு, அதன் வழியே கறள் நீர் வடிந்த கறை, இப்போது விரல் பக்கம் துண்டு துண்டாகக் கழருகிறது. கம்பி கறள் பிடித்தால் பருத்துச் சீமெந்தைத் தள்ளும், அது விளங்குகிறது. மேசன் ஒருவர் வெறும் சாந்து பூசினார், வெயிலுக்கு அப்படியே விழுந்துவிட்டது. எனாமல் பெயின்ட் அடிக்கச் சொன்னார்கள், ஈரம் உள்ளே அடைபடும் என்று விட்டுவிட்டோம். கம்பித் தூரிகையால் தேய்த்துப் பொஸ்பரிக் அமிலம் கலந்த கறள் மருந்தும் பூசினோம், முன்பக்கம் சரி, கம்பியின் பின்பக்கத்துக்கு எட்டவில்லை. கொழும்புக்கு ஏற்றவும் முடியாது, தூக்கினாலே கை போய்விடும்.

ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டும். கம்பியைச் சுற்றி முழுதாக வெட்டி எஸ்பிஆர் (சாந்து நன்றாக ஒட்டுவதற்குக் கலக்கும் செயற்கை ரப்பர்ப் பால்) கலந்த சாந்தால் கட்டுவதா, கையையே கழற்றி கறள் பிடிக்காத கம்பியில் புதிதாகச் செய்வதா?