தரையிறங்கிய பின் பதிவுக் கோப்பை எடுப்பது யார் பொறுப்பு?

இளஞ்சிறகு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென் இங்கிலாந்தில், பொதுவாக எஞ்சின் இன்றிப் பறக்கும் கிளைடர்களுக்கான ஒரு மன்றத்தில் இரண்டு ஆண்டுகளாகப் பறந்து வருகிறேன். கிளைடர் விமானிகளுக்கான வெள்ளிச் சின்னத்துக்கு வேண்டிய மூன்று தகுதிகளில், 5 மணி நேரம் வானில் நிற்பதையும் 1000 மீட்டர் உயரம் ஏறுவதையும் சென்ற ஆண்டே முடித்துவிட்டேன். மீதமிருந்தது 50 கிலோமீட்டர் தொலைவு. சென்ற சனிக்கிழமை மன்றத்தின் ஒற்றை இருக்கைக் கிளைடரில் 57 கிலோமீட்டர் பறந்து இன்னொரு தளத்தில் இறங்கினேன். இழுவை விமானத்திலிருந்து விடுபட்டது எங்கள் தளத்துக்கு மேல் 610 மீட்டரில். இறங்கிய தளம் எங்களுடையதைவிட 70 மீட்டர் மேட்டில் இருக்கிறது.

டிரெய்லர் வந்து சேரவே இருட்டிவிட்டது. அவசரமாக இறக்கைகளைக் கழற்றி ஏற்றினோம். பறப்பின் இடத்தையும் உயரத்தையும் கோப்பாக எழுதும் பதிவுக் கருவியை யாரும் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதே கிளைடரில் வேறொருவர் பறந்தார். செவ்வாய்க்கிழமைதான் நான் தளத்துக்குப் போக முடிந்தது. கொட்டகையில் தனியாக நின்று கோப்பை மெமரி கார்டில் எடுத்து வந்தேன். வீட்டில் திறந்து பார்த்தால், விமானியின் பெயர் இருக்கவேண்டிய வரியில் எனக்கு முன்பு அந்தக் கிளைடரில் பறந்த உறுப்பினரின் பெயர் இருந்தது. அதை அழித்து என் பெயரை எழுதிச் சேமித்து, சின்னக் கோரிக்கைகளைச் சரிபார்த்துச் சான்றளிக்கும் கண்காணிப்பாளருக்கு அனுப்பினேன். சரிபார்ப்பு நிரல் அதைத் தள்ளிவிட்டது. அவரும் ஏற்க மறுத்துவிட்டார்.

பறப்பின் ஒரு நொடியைக்கூட நான் தொடவில்லை. தவறாக இருந்த ஒரு பெயரைத் திருத்தியதற்காக முழுப் பறப்பையும் இல்லை என்று சொல்வது நியாயமா?

சான்றாளர் எழுதியது:

தம்பி, முதலில் வாழ்த்துகள். முதன்முறையாகச் சொந்தத் தளத்தின் எல்லையை விட்டு விலகிப் போவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் கண்காணிப்பாளர் செய்தது சரி. நான் பல ஆண்டுகளாக அந்தப் பொறுப்பில் இருப்பவன். அவர் இடத்தில் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்பதைப் பாருங்கள். 'பி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஒவ்வொரு வரியும் ஓர் இடக்குறிப்பு. உலகப் பொது நேரம் ஆறு இலக்கங்களில், பிறகு அட்சரேகை, தீர்க்கரேகை, அவற்றை அடுத்து அழுத்த உயரம், அதாவது காற்றழுத்தத்தைக் கொண்டு கணித்த உயரம், ஐந்து இலக்கங்களில், செயற்கைக்கோள் வழியே கணித்த உயரம் ஐந்து இலக்கங்களில். எல்லாமே எவரும் படிக்கக்கூடிய வெறும் எழுத்துகள்; பூட்டு எதுவும் கிடையாது. கோப்பின் கடைசியில் 'ஜி' என்று தொடங்கும் சில வரிகளில், பொருளற்ற எழுத்துக் குவியல்போலத் தெரிவதுதான் கையொப்பம். மேலே உள்ள வரிகளைக் கொண்டு, கருவிக்குள் மறைந்திருக்கும் ஒரு சாவியால் அது கணக்கிடப்படுகிறது. கையொப்பத்துக்கு உட்பட்ட வரியில் ஓர் எழுத்து மாறினாலும் கணக்கு பொருந்தாது. நீங்கள் மாற்றியது பெயரா உயரமா என்று அந்தக் கணக்கால் பிரித்துச் சொல்ல முடியாது, கண்காணிப்பாளராலும் முடியாது.

உயரத்தை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் பறப்பின் உயிரே அதில்தான் இருக்கிறது. 100 கிலோமீட்டருக்குக் குறைவான தொலைவுக்கு, தொடங்கும் உயரத்துக்கும் முடியும் உயரத்துக்கும் உள்ள வேறுபாடு தொலைவில் ஒரு விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 57 கிலோமீட்டருக்கு 570 மீட்டர். நீங்கள் சொல்லும் கணக்குப்படி உங்களுடையது 540. முப்பதே மீட்டர் இடைவெளியில் நிற்கும் ஒரு கோரிக்கையில், இழுவைக் கயிற்றை விட்ட கணத்தின் உயரத்தில் ஓர் இலக்கம் மாறினால் முடிவே மாறிவிடும். நீங்கள் அப்படிச் செய்யவில்லை என்று நான் மனமார நம்புகிறேன். ஆனால் நான் கையெழுத்திடுவது உங்களை நம்புகிறேன் என்பதற்காக அல்ல. எனக்குப் பின்னால் அந்தத் தாளைப் பார்ப்பவர் உங்களை அறியாமலேயே நம்பவேண்டும் என்பதற்காக.

கோப்பை எடுப்பது கண்காணிப்பாளரின் முன்னிலையில், இறங்கியவுடன், கிளைடரைக் கழற்றுவதற்கு முன் நடந்திருக்க வேண்டும். அன்றே அவரிடம் ஒரு நகல் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

கணினிக்காற்று எழுதியது:

கோப்பைத் திருத்தியது தவறு என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் சான்றாளர் ஐயா சொல்வதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்தாக வேண்டும்.

நான் மியூனிக் அருகே பறக்கிறேன்; கணினிப் பாதுகாப்பு என் தொழில். கையொப்பம் சரியாக இருந்தால், கோப்பு மூன்று நாள் கழித்து எடுக்கப்பட்டதா, முப்பது நாள் கழித்தா, எடுத்தவர் யார் என்பதெல்லாம் கோப்பின் உண்மையைத் தொடுவதில்லை. கருவியின் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருக்கும் நுண்விசை (மைக்ரோ ஸ்விட்ச்) சாவியை அழித்துவிடும். அதன் பிறகு அந்தக் கருவி தரும் எந்தக் கோப்பும் சரிபார்ப்பில் தேறாது. கருவிக்கும் கண்காணிப்பாளருக்கும் இடையில் கோப்பு எத்தனை கைகள் மாறினாலும் அதனால் ஒரு குறையும் வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு செய்யப்பட்டது. அப்படியிருக்க, ஒரு மனிதர் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும் என்று சொல்வது பழைய காலத்தின் எச்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காலத்துக்கு அது தேவைதான். உருளையில் சுற்றிய அலுமினியத் தகட்டில் கற்பூரப் புகையைப் படியவைத்து, அதில் ஊசி கீறிய கோடுதான் அன்று உயரத்துக்குச் சான்று. விரல் பட்டாலே அழிந்துவிடும் அந்தக் கோட்டுக்கு முத்திரையும் சாட்சியும் வேண்டியிருந்தன. பறப்பு வழியில் திரும்பும் இடங்களைப் படமெடுத்த ஃபிலிம் சுருளை வெட்டாமல் முழுசாகக் காட்டவேண்டியிருந்தது. 1990களின் நடுவில் ஐஜிசி, அதாவது உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் கிளைடர் ஆணையம், செயற்கைக்கோள் பதிவுக் கருவிகளை ஏற்கத் தொடங்கியதே இந்தச் சுமையிலிருந்து நம்மை விடுவிக்கத்தான். இன்று கிளைடர் நின்றதும் கோப்பு வைஃபை வழியாகக் கைபேசிக்குப் போய், அங்கிருந்து பறப்புகளைப் பகிரும் வீகிளைட் போன்ற இணையத் தளங்களுக்குச் சில நிமிடங்களில் ஏறிவிடுகிறது. இளஞ்சிறகைப் போன்றவர்களைத் தடுக்கிவிழ வைப்பது தொழில்நுட்பம் அல்ல, நடைமுறை.

சான்றாளர் எழுதியது:

நீங்கள் கையொப்பத்தைப் பற்றிச் சொன்ன ஒவ்வொன்றும் சரி. அது எதைச் சொல்லவில்லை என்பதுதான் என் கவலை.

இந்தக் கருவி இந்தக் கோப்பை எழுதியது, பிறகு யாரும் தொடவில்லை என்பதைக் கையொப்பம் சொல்கிறது. கருவி எந்த வானூர்தியில் இருந்தது என்பதை அது சொல்லாது. உள்ளே உட்கார்ந்திருந்தவர் யார் என்பதையும் சொல்லாது. உள்ளங்கையில் அடங்கும் கருவி அது. இழுவை விமானத்தின் இருக்கையில் வைத்தாலும் அதே நேர்மையோடு பதிவு செய்யும், கையொப்பமும் இடும். எஞ்சின் பொருத்திய கிளைடர்களுக்காக, ஒலியளவை 000 முதல் 999 வரை பதியும் வசதியை வைத்தார்கள். ஆனால் அந்த எண்ணைப் படித்து, அது எஞ்சினா அல்லது திறந்திருந்த சாளரத்தின் காற்றிரைச்சலா என்று தீர்மானிப்பதும் ஒரு மனிதர்தான். புறப்பாட்டுப் பதிவேட்டில் உள்ள நேரத்தைக் கோப்பின் நேரத்தோடு ஒப்பிடுவது, கருவியின் எண்ணைப் பார்ப்பது, அது எந்தக் கிளைடரில் பொருத்தப்பட்டிருந்தது என்பதைக் கண்ணால் கண்டு உறுதி செய்வது ஆகியவற்றை எந்தச் சாவியாலும் செய்யமுடியாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வெள்ளி, தங்கச் சின்னங்களுக்கு எளிய இடப்பதிவிகளையும் நாட்டுச் சங்கங்கள் ஏற்கலாம் என்று விதியே இடம் தருகிறது. அவற்றில் இந்த அளவுக்குப் பாதுகாப்பு கிடையாது. அங்கே சான்றின் எடை முழுவதும் கண்காணிப்பாளரின் தோளில்தான் இருக்கிறது. மனிதர் தேவையில்லை என்று சொன்னால், குறைந்த செலவில் பறக்கும் இளைஞர்களுக்குத்தான் முதலில் கதவு அடைபடும்.

ஆல்ப் மேடு எழுதியது:

நான் ஜெர்மனியின் சுவேபியன் ஆல்ப் மலைப்பகுதியில் பயிற்றுநராக இருக்கிறேன். நீங்கள் இருவரும் தத்துவம் பேசிக்கொண்டிருக்கும்போது இளஞ்சிறகுக்கு வேண்டிய செய்தி நழுவிப் போகிறது: மூலக் கோப்பு இன்னும் கருவிக்குள்ளேயே இருக்கலாம். மெமரி கார்டுக்குப் போனது நகல்தான். ஞாயிற்றுக்கிழமைப் பறப்பு வேறொரு கோப்பாகப் பதிவாகியிருக்கும். உங்களுடையது நினைவகத்தில் அப்படியே கிடக்கும். ஆனால் நினைவகம் நிறைந்தால் பழைய பறப்புகளின் மேல் புதியவை எழுதப்படும். மன்றக் கிளைடர் கோடையில் நாள்தோறும் பறக்கும். ஆகவே இன்றே தளத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள்.

அந்தக் கிளைடரில் மோதல் எச்சரிக்கைக் கருவியான ஃபிளார்ம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல ஃபிளார்ம்களில் ஐஜிசி பதிவு வசதியும் உண்டு. ஒரே பறப்புக்கு இரண்டு கோப்புகள் இருந்தால், ஒன்றில் குறை நேரும்போது மற்றது காப்பாற்றும்.

இறங்கியபின் மாணவர்கள் செய்யும் தவறு ஒன்றை ஆண்டுதோறும் பார்க்கிறேன். சக்கரம் உருண்டு நின்று, ஓர் இறக்கை புல்லில் சாய்ந்ததும், முதல் வேலையாக மின்னிணைப்பை அணைத்துவிடுகிறார்கள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வேன். பல கருவிகள் கிளைடர் அசையாமல் நிற்பதைச் சில நிமிடங்கள் கவனித்த பிறகே பறப்பு முடிந்ததாக எடுத்துக்கொண்டு, கோப்பை மூடிக் கையொப்பத்தைக் கணக்கிடும். அந்தச் சில நிமிடங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு: தரையில் நின்றபோது பதிவான அழுத்த உயரம், உயரத்தைக் காட்டும் வரைகோட்டின் முடிவில் தட்டையான ஒரு வாலாக விழும். கருவியின் அழுத்த உயரம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற நிலையான அளவை அடிப்படையாகக் கொண்டது. அன்றைய வானிலைக்கு ஏற்ப அதைத் திருத்த, உயரம் தெரிந்த தளத்தில் நின்றபோது கருவி காட்டிய அளவுதான் கைகொடுக்கிறது. முப்பது மீட்டர் இடைவெளியுள்ள ஒரு கோரிக்கைக்கு அந்த வால் மிகவும் முக்கியம்.

பெயரைப் பொறுத்தவரை, பறப்பதற்கு முன் கருவியில் பெயரை மாற்றுவது விமானியின் கடமை. மாற்ற மறந்திருந்தால் கோப்பை அப்படியே விட்டுவிட்டு, தவறைத் தனித் தாளில் எழுதிக் கொடுக்கவேண்டும். முன்கூட்டி அறிவிக்கவேண்டிய பறப்பாக இருந்திருந்தால் நிலைமை கடினமாகியிருக்கும். நேர்கோட்டில் 50 கிலோமீட்டர் என்பதற்கு அந்தச் சிக்கல் இல்லை.

கணினிக்காற்று எழுதியது:

ஆல்ப் மேடு சொன்ன அந்தச் சில நிமிடங்கள் நான் யோசிக்காதவை. வைஃபை இருந்தாலும், மூடப்படாத கோப்பை அனுப்பினால் பயனில்லை. ஏற்றுக்கொள்கிறேன்.

சான்றாளர் ஐயாவின் இழுவை விமான எடுத்துக்காட்டையும் ஏற்கிறேன், ஆனால் ஒரு மறுப்போடு. கண்காணிப்பாளர் சரிபார்ப்பதாகச் சொன்ன எல்லாமே புறப்பாட்டோடும் கருவி பொருத்தப்பட்ட நிலையோடும் தொடர்புடையவை. கோப்பை எடுக்கும் கணத்தில் அவர் பக்கத்தில் நிற்பதால் கூடுதலாகக் கிடைப்பது என்ன? ஃபிளார்ம் சமிக்ஞைகளைத் தரையிலிருந்து பிடிக்கும் ஓப்பன் கிளைடர் நெட்வொர்க்கின் தடத்தையும் கோப்பின் தடத்தையும் ஒப்பிட்டால், கருவி எந்தக் கிளைடரில் இருந்தது என்பது, யாரும் கொட்டகையில் நின்றிராமலே தெரிந்துவிடும். உடனே எடு என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என் முன்னிலையில் எடு என்பதை விட்டுவிடுங்கள். 57 கிலோமீட்டர் தள்ளி, தெரிந்தவர் ஒருவரும் இல்லாத தளத்தில் மாலை ஏழு மணிக்கு இறங்கும் ஒரு பையன் கண்காணிப்பாளரை எங்கே தேடுவான்?

சான்றாளர் எழுதியது:

அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வயலில் இறங்கியவனிடம் சாட்சியைக் கேட்பது கொடுமை. அத்தகைய பறப்புகளுக்கு நான் செய்வது இதுதான்: கருவியைக் கழற்றாமல் கிளைடரோடு கொண்டுவரச் சொல்வேன், டிரெய்லர் திரும்பியதும், எந்த நேரமானாலும், கைவிளக்கோடு போய்க் கருவியின் எண்ணைப் பார்த்து, என் கையால் கோப்பை எடுப்பேன். அதன் பிறகு விமானிக்கு ஒரு நகல் கொடுப்பேன். அவர் அதை எந்த இணையத் தளத்தில் ஏற்றினாலும், எந்த நிரலில் திறந்து விளையாடினாலும், என்னிடம் உள்ளதற்கு ஒன்றும் ஆகாது. நான் நிற்பது விமானியைச் சந்தேகிக்க அல்ல; அவருடைய கை தவறினாலும் பறப்பு பிழைக்கவேண்டும் என்பதற்காக. செவ்வாய்க்கிழமை அந்தக் கொட்டகையில் இந்தத் தம்பியோடு ஒருவர் நின்றிருந்தால் என்ன கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்பதை அவரிடமே கேளுங்கள்.

தரையிலிருந்து பிடித்த ஃபிளார்ம் தடத்தைத் துணைச் சான்றாக நானும் பார்ப்பதுண்டு. ஆனால் அதில் கையொப்பம் இல்லை; தாழப் பறக்கும்போது விட்டுவிட்டு வரும். அதையே அடித்தளமாக்க என் மனம் ஒப்பவில்லை.

இளஞ்சிறகு எழுதியது:

இன்று காலை தளத்துக்குப் போனேன். கண்காணிப்பாளரும் வந்திருந்தார். நான் வெளியே நிற்க, அவரே காக்பிட்டில் குனிந்து கருவியை இயக்கினார். பட்டியலில் ஞாயிற்றுக்கிழமைப் பறப்புக்கு அடுத்த வரியில் என்னுடையது இருந்தது. தன் கார்டில் அதை எடுத்து, அங்கேயே மடிக்கணினியில் சரிபார்த்தார், கையொப்பம் தேறியது. பெயர் வரியில் இன்னும் அந்த உறுப்பினரின் பெயர்தான் இருக்கிறது. புறப்பாட்டுப் பதிவேட்டின் அன்றைய பக்கத்தைப் படமெடுத்து, இறங்கிய தளத்திலிருந்தும் நேரத்தைக் கேட்டு வாங்கி, நடந்ததை என் கையால் ஒரு தாளில் எழுதச் சொல்லி, எல்லாவற்றையும் கோரிக்கையோடு இணைத்திருக்கிறார்.

ஆல்ப் மேடு ஐயா சொன்ன தட்டையான வால் இரண்டே நிமிடத்துக்குத்தான் இருந்தது. அவசரத்தில் அதற்குள் அணைத்திருக்கிறேன். அது போதும் என்றார் கண்காணிப்பாளர். அழுத்தத்தைத் திருத்திப் பார்த்ததில் உயர வேறுபாடு 546 மீட்டர் என்று வந்தது. கோரிக்கை நாளை தபாலில் போகிறது.