சதாபிஷேகத்துக்குக் குட்டி வருவானா

கும்பகோணம் அத்தை: திருக்கடையூர் அறைகளுக்கு இன்றைக்குள் முன்பணம் கட்டியாக வேண்டும். நியூஜெர்சியிலிருந்து எத்தனை பேர், மூன்றா நான்கா?

நியூஜெர்சி சித்தப்பா: இப்போதைக்கு மூன்று அக்கா. குட்டிக்கு அந்த வாரம்தான் இசைக் கல்லூரித் தேர்வு, நேரில் போய் வாசித்துக் காட்ட வேண்டும்.

பெரியம்மா: இசைக் கல்லூரியா?? தீபாவளிக்குப் பேசும்போது கம்ப்யூட்டர் என்றீர்களே தம்பி

சித்தப்பா: டபுள் பேஸ் அண்ணி. ஜாஸ் என்ற அமெரிக்க இசைக்கு.

பெரியம்மா: கிடாரா

மதுரை அண்ணன்: இல்லை பெரியம்மா, வயலினுக்குத் தாத்தா. ஆள் உயரம் இருக்கும்

அத்தை: சொந்தத் தாத்தாவை விட்டுவிட்டு வயலின் தாத்தாவாம். நன்றாக இருக்கிறது

தாத்தா: இனிய காலை வணக்கம்

மதுரை அண்ணன்: தாத்தா, மணி பன்னிரண்டு

சித்தப்பா: திட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள். ரான் கார்ட்டர் என்று ஒரு ஜாஸ் பேஸ் கலைஞர், 1937இல் மிச்சிகனில் பிறந்தவர், சின்ன வயதிலேயே செல்லோ (வயலினைவிடப் பெரிய தந்தி வாத்தியம்) கற்றவர். டெட்ராய்ட் பள்ளியில் வாய்ப்பெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கே போனது, அங்கே பேஸ் வாசித்த ஒரே பையனும் படிப்பை முடித்துக் கிளம்பப் போகிறான் என்று தெரிந்ததும் இவர் பேஸுக்கு மாறிவிட்டார், இனி இவரைக் கூப்பிடாமல் முடியாதே! 1959இல் ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் பட்டம், 1961இல் மன்ஹாட்டன் இசைப் பள்ளியில் முதுகலை. ஹூஸ்டன் ஆர்கெஸ்ட்ராவை நடத்திய ஸ்டோகோவ்ஸ்கிக்கு இவர் வாசிப்பு பிடித்தும், கறுப்பினத்தவரை அங்கே ஏற்கமாட்டார்கள் என்று கைவிரித்துவிட்டார். நஷ்டம் ஹூஸ்டனுக்குத்தான். 1963 முதல் 1968 வரை ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் குழுவில் இருந்தார், 2015இல் 2,221 இசைப்பதிவுகள் என்று கின்னஸிலேயே ஏறியது

மதுரை அண்ணன்: சித்தப்பா பத்தி பிரித்து அனுப்புங்கள்

பெரியம்மா: சமையல்காரர் போனை எடுக்கவே இல்லை. யாராவது நேரில் போய்ப் பாருங்கள்

அத்தை: போன தடவையும் அவர் சாம்பாரில் உப்பே இல்லை. பென்ஷன் உண்டா?

மதுரை அண்ணன்: சமையல்காரருக்கா

அத்தை: அந்த கார்ட்டருக்கு!

சித்தப்பா: பேராசிரியர் அக்கா. நியூயார்க் சிட்டி காலேஜில் ஏறக்குறைய 20 வருடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு 2008இல், 70 வயதைத் தாண்டி, ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். கச்சேரியையும் விடவில்லை.

பெரியப்பா: அந்த மைல்ஸ் டேவிஸ் குழுவில் தாளம் யார் கையில்? பேஸா டிரம்ஸா?

சித்தப்பா: இரண்டும் சேர்ந்துதான் அண்ணா. டிரம்ஸ் டோனி வில்லியம்ஸ். சேரும்போது வயது 17, நம் குட்டி வயது

பெரியப்பா: 17

பெரியம்மா: அந்த வயதில்தான் உங்கள் அண்ணாவின் மிருதங்கம் பரணில் ஏறியது. பேங்க் பரீட்சை.

அத்தை: அதை இப்போது எதற்கு இழுக்கிறீர்கள் அண்ணி, அப்பாவும் இந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்

தாத்தா: நின்றுகொண்டேவா வாசிப்பார்கள்? கால் வலிக்காதா

சித்தப்பா: ஸ்டூல் உண்டு அப்பா

அத்தை: சரி, நான்கு என்றே எழுதுகிறேன். தேதி மாறினால் குட்டி வரட்டும், இல்லையென்றால் அந்தக் கட்டிலில் மதுரைக்காரன் படுத்துக்கொள்ளட்டும்

சித்தப்பா: கல்லூரியில் கேட்டுப் பார்க்கிறேன், மாற்றுவார்களா தெரியவில்லை

பெரியம்மா: சமையல்காரர் கிடைத்துவிட்டார். 150 இலையா 200ஆ என்கிறார், லைனில் இருக்கிறார், சீக்கிரம்