கப்பல் தகடு

2016 தை மாதம் எனக்குச் சிங்கப்பூர் பர்மிட் வந்தது. கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை. ஏஜென்ட்டுக்குக் கட்ட அம்மாவின் தோடுவரை அடகுக்குப் போயிருந்தது. திருச்சியைத் தாண்டி எங்கேயும் போனதில்லை நான். வெல்டிங் டெஸ்ட் அடித்தபோது நடுங்காத கை, விசா தாளைப் பிடித்தபோது நடுங்கியது. போகவில்லை என்று சொல்லவும் வழியில்லை.

கிளம்புவதற்கு முந்தின வியாழக்கிழமை அம்மா நாகூருக்குக் கூட்டிப்போனார். நாங்கள் இந்துக்கள்தான். ஆனால் எங்கள் பக்கம் கடல் தாண்டுகிறவன் நாகூர் ஆண்டவரிடம் சொல்லாமல் போகமாட்டான். தர்கா வாசல் கடையில் கை, கால், வீடு, கப்பல் என்று உருவம் அடித்த தகடுகள் விற்பார்கள். அம்மா கப்பலை எடுத்தார்.

"நான் பிளேன்லல்ல போறேன்?"

"கப்பல்ல போனவங்களைக் காப்பாத்துனவரு பிளேன்ல போறவனை விட்டுருவாராடா?"

உள்ளே மயிலிறகால் தலையில் தட்டி ஓதினார்கள். பயம் குறைந்ததா என்றால், இல்லை.

துவாஸ் பக்கம் தங்கல். ஓர் அறையில் பன்னிரண்டு பேர். மூன்று வாரமாகச் சரியான தூக்கமில்லை. முதல் லீவு ஞாயிறன்று லிட்டில் இந்தியா போய்ப் பணம் அனுப்பிவிட்டுத் திரும்பும்போது, மெட்ரோ ரயிலில் ஊதா லைனுக்குப் பதில் நீல லைனில் ஏறிவிட்டேன். தப்பு என்று உறைத்தபோது தெலுக் ஆயர் ஸ்டேஷன். இறங்கி மேலே வந்தால் கண்ணாடிக் கட்டடங்கள், ஆள் அரவமே இல்லை. போனில் பேலன்ஸும் இல்லை. கால்போன போக்கில் நடந்தேன்.

தெருவோரம் ஒரு சின்ன வெள்ளைக் கட்டடம். மூலையில் மினாரா. நாகூரில் ஐந்து மினாரா, பெரியது 131 அடி. இது அதன் பேரப்பிள்ளை மாதிரி. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நாகூர் தர்கா.

மூடியிருந்தது. அப்படியே ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். நம் கரையிலிருந்து போனவர்கள் 1828-30இல் கட்டியது, அப்போது அந்தத் தெருவே கடற்கரை என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. பக்கத்திலேயே சீனர்களின் கடல் அம்மன் கோயில். அவர்களும் கரை சேர்ந்ததும் கும்பிட்ட இடமாம்.

சிறுவயதில் கேட்ட கதை அப்போது ஞாபகம் வந்தது. நடுக்கடலில் ஒரு கப்பலில் ஓட்டை. முகம் மழித்துக்கொண்டிருந்த ஆண்டவர் கையிலிருந்த கண்ணாடியை வீச, அது போய் ஓட்டையை அடைத்ததாம். கப்பல் ஓட்டையை அடைப்பதுதானே என் வேலையும்! அழுகையும் சிரிப்புமாக வந்தது. எவ்வளவு நேரம் இருந்தேனோ. தலையில் மயிலிறகு பட்ட மாதிரியே இருந்தது. காற்றாக இருக்கலாம் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

வழி கேட்டு ஜூ கூன் ஸ்டேஷன் வந்து, பஸ் பிடித்து அறைக்குப் போகையில் மணி பத்தரை. கேட்டரிங் சோறு புளித்திருந்தது. அதையே தின்றுவிட்டுப் படுத்தேன். காலையில் லாரி வந்துவிட்டது என்று பக்கத்துக் கட்டில்காரர் உலுக்கித்தான் எழுப்பினார்.