வடிவியல் ஓவியத்தில் கை தெரியலாமா?

வினா (ஹட்டன், சித்திரம் பயிலும் மாணவி):
சதுரங்களாலும் பட்டைகளாலும் மட்டுமே அமைந்த அக்ரிலிக் ஓவியங்களைத் தீட்டி வருகிறேன். மாஸ்கிங் டேப் ஒட்டித் தீட்டினால் விளிம்பு கூர்மையாக வருகிறது. ஒட்டாமல் தீட்டினால் தூரிகைத் தடமும் கையின் அசைவும் தெரிகின்றன. எனக்குப் பிடித்தது இரண்டாவது முறைதான். ஆனால், இத்தகைய அரூப (எந்தப் பொருளின் உருவத்தையும் காட்டாத) ஓவியத்தில் அது பயிற்சிக் குறைவு என்கிறார்கள். நேர்கோடுகளாலும் செவ்வகங்களாலும் படம் அமைத்த டச்சு ஓவியர் மொந்திரியானின் படங்களை அச்சில் பார்க்கும்போது எனக்கும் அப்படியே தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

மறுமொழி (கண்டி, ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்):
அச்சுதான் உங்களை அப்படி எண்ண வைக்கிறது, மகள். மொந்திரியானின் வெள்ளைப் பகுதிகள் வெறும் பின்னணி அல்ல. தூரிகையின் திசையை மாற்றி மாற்றி அவர் அவற்றைத் தீட்டியிருப்பதால், அச்சில் ஒரே வெள்ளையாகத் தெரிபவை மூலப்படத்தில் வெவ்வேறு மேற்பரப்புகளாக வெளிச்சத்தை வாங்குகின்றன. 1944இல் அவர் இறந்தபோது முடிவுறாதிருந்த 'விக்டரி பூகி வூகி'யில், வண்ணங்களை இடம் மாற்றிப் பார்ப்பதற்காக அவர் ஒட்டிய நாடாத் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. அரூப ஓவியர் மலேவிச் 1918இல் வெள்ளையின்மேல் தீட்டிய வெள்ளைச் சதுரமோ கச்சிதமான சதுரமே அல்ல. அதன் தூரிகைத் தடங்களை நீக்கிவிட்டால் அங்கே பார்ப்பதற்கு மிகக் குறைவே எஞ்சும்.

மறுமொழி (நுவரெலியா):
ஐயா சொல்வதில் ஒரு பாதியையே ஏற்கிறேன். ஹங்கேரிய ஓவியர் மொஹோலி-நாகி 1923இல் தம் எனாமல் படங்களைப் பெயர்ப்பலகைத் தொழிற்சாலையில் செய்வித்தார். பிரித்தானிய ஓவியர் பிரிஜட் ரைலியின் படங்களை நீண்டகாலமாக உதவியாளர்களே தீட்டுகிறார்கள். ரைலியின் கோடுகள் பார்ப்பவரின் கண்ணில் அசைய வேண்டுமாயின், அவை துணியில் அசையாமல் நிற்க வேண்டும். ஆகவே, கை தெரிவதை மட்டும் ஒரு சிறப்பாகக் கொள்ள இயலாது.

மறுமொழி (பண்டாரவளை):
கோவில் மதில்களுக்குக் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடிப்பது என் தொழில். நூல் கட்டிக் குறித்த கோட்டிலும் கை தெரியத்தான் செய்யும். ஆனால் தயங்கிய கையின் நெளிவு வேறு, ஓடிய கையின் நெளிவு வேறு. தயங்கிய இடத்தில் வண்ணம் தேங்கித் தடித்திருக்கும். ஓடிய இடத்தில் கோடு சற்று விலகினாலும் அதன் அகலம் மாறாது. தங்கச்சி, உங்கள் விளிம்புகளை இப்படிப் பிரித்துப் பாருங்கள்.

வினவியவர்:
பார்த்தேன், அண்ணா. சிறிய சதுரங்களில்தான் வண்ணம் தேங்கியிருக்கிறது; நீண்ட பட்டைகளில் இல்லை.

மறுமொழி (பண்டாரவளை):
அப்படியானால் பட்டைகளை இருக்கிறபடியே விட்டுவிடுங்கள். சதுரங்களுக்கு இன்னும் அகலமான தூரிகையை எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே இழுப்பில் முடித்துப் பாருங்கள்.