69 கமாரோ இசட்/28, இன்ஜின் ஒரிஜினல்தானா?

மக்களே, 1969 கமாரோ இசட்/28 (செவர்லே கார்) ஒண்ண ரெஸ்டோர் பண்றேன், ஒஹாயோ நார்வுட் பிளான்ட் வண்டி, டிரிம் டேக்ல (பாடி விவரம் இருக்கற தகடு) 05பி, அதாவது மே ரெண்டாவது வாரம். 302 (கியூபிக் இன்ச்) இன்ஜின், நம்பர் மேட்சிங், அதாவது வண்டியோடவே வந்த ஒரிஜினல் இன்ஜின்னு சொல்லித்தான் வித்தாங்க. பிளாக் காஸ்டிங் (வார்ப்பு) நம்பர் 3970010, அது 350 இன்ஜின்லயும் வர்ற நம்பர், அத வச்சு என்னத்த சொல்ல. பிளாக் வார்த்த டேட் டி 9 9, அதாவது 1969 ஏப்ரல் 9, ஓகே. ஹெட் ரெண்டும் 3927186, ஆனா ஒண்ணுல டேட் எஃப் 20 9, அதாவது ஜூன் 20, ஜூன்ல வார்த்த ஹெட் மே மாச வண்டிக்குள்ள எப்படி வந்துச்சோ!

ஸ்டாம்ப் பேட (பிளாக்ல நம்பர் குத்துற தட்டையான இடம்) தின்னர் போட்டு தொடைச்சு டார்ச் சாய்ச்சு அடிச்சு பாத்தேன், டிஇசட் (302க்கான குறியீடு) இருக்கு, விஐஎன் (வண்டி அடையாள) நம்பரும் ஒத்துப்போகுது, ஆனா ஃபேக்டரில பிளாக்க மெஷின் பண்றப்ப விழுற புரோச் கோடு ஒண்ணுகூட இல்ல, வழவழன்னு இருக்கு. மெஷின் ஷாப்ல கேட்டா பிளாக் மேல்பரப்ப சீவி டெக் பண்ணிருப்பாங்கங்கறாங்க, அப்ப ஸ்டாம்பும் போயிருக்கணுமே?

இது பின்னாடி யாரோ நம்பர் குத்துன ரீஸ்டாம்ப்தானான்னு எத வச்சு உறுதி பண்றது?